தரையில் விரித்த ஊர்: கேப் டவுன் நாட்குறிப்பு

7 நவம்பர் 2024, வியாழன். போ-காப்

பெட்டி வரவில்லை. கடைசிப் பயணியும் தன் மூட்டையை எடுத்துக்கொண்டு போன பிறகு, கவுன்டரில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டி, "நாளைக்குள் நீங்கள் தங்கும் இடத்துக்கே வந்துவிடும்" என்றார். ஜோஹன்னஸ்பர்க் வெயிலுக்குப் போட்ட மெல்லிய சட்டைதான் உடம்பில். வெளியே வந்தால் காற்று ஆளையே தள்ளுகிறது. தென்கிழக்கிலிருந்து அடிக்கும் இந்தக் காற்றுக்குக் 'கேப் டாக்டர்' என்று பேர். ஊரின் புகையையும் நோயையும் வாரிக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. டேபிள் மலையின் தட்டையான உச்சியிலிருந்து வெள்ளை மேகம் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. பார்க்க அழகு, ஆனால் கேபிள் காரை நிறுத்திவிட்டார்கள்.

தங்கியிருப்பது சிக்னல் ஹில் சரிவில், பச்சையும் ஆரஞ்சும் ரோஸுமாகப் பெயின்ட் அடித்த வீடுகள் நிறைந்த போ-காப்பில். வீட்டுக்கார அம்மாவைத் தெருவே 'ஆன்ட்டி' என்கிறது, நானும் அப்படியே கூப்பிட்டேன். பெட்டி வராத கதையைச் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போய், மகனுடைய ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கையில் திணித்தார். "இந்தக் காற்று ரெண்டு மூணு நாளைக்கு அடங்காது. போட்டுக்கோ, மை டார்லிங்." முன்பின் தெரியாதவரைக்கூட இங்கே 'டார்லிங்' என்றுதான் அழைக்கிறார்கள், அதில் பாசாங்கே இல்லை.

சாயங்காலம் டீயோடு ஒரு தட்டு டால்ட்ஜி. கடலை மாவில் கீரையும் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் போட்டுப் பொரித்தது. முதல் கடியிலேயே எந்த ஊரில் இருக்கிறோம் என்பது மறந்துபோனது. போ-காப் மக்களை மலாய்க்காரர்கள் என்று சொல்வது வழக்கம். ஆனால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப்புக்கு அடிமைகளாகக் கப்பலேற்றி வந்தவர்கள் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து மட்டும் வரவில்லை. வங்கம், மலபார், மடகாஸ்கர், நம் சோழமண்டலக் கரை என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்தார்கள். நம் கரையிலிருந்து போனவர்களின் பெயர்கூட மிஞ்சவில்லை. எஜமானர் வைத்த பெயரோடு ஊர்ப் பெயரைச் சேர்த்து எழுதிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நாளைக்கு, இனவெறி ஆட்சி இடித்துத் தள்ளிய டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியின் அருங்காட்சியகத்துக்குப் போகிறேன் என்றதும் ஆன்ட்டி டீயைக் கீழே வைத்தார். "என் மாமியார் அங்கே பிறந்தவங்க. ஞாயிற்றுக்கிழமை வா, அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். முதல்ல நீ பார்த்துட்டு வா."

8 நவம்பர், வெள்ளி. பைட்டன்காண்ட் தெரு

பெட்டி இன்னும் வரவில்லை. ஆன்ட்டி மகனின் ஜாக்கெட்டோடு கிளம்பினேன். வழியில் ஒரு காபி, 35 ராண்ட். ஒரு ராண்டுக்கு ஐந்து ரூபாய் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர்க் கணக்கில் கசக்கும், ஆனால் காபி நன்றாக இருந்தது.

அருங்காட்சியகம் என்று பெரிய கட்டிடம் எதையும் தேட வேண்டாம். பழைய மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றுதான். கிட்டத்திலேயே கேலடன் ஸ்கொயர் போலீஸ் நிலையம். தேவாலயச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. தோலின் நிறத்துக்காகச் சட்டம் போட்டு வீடுகளிலிருந்து விரட்டப்பட்ட பல்லாயிரம் பேரை, இந்த வழியே போகிறவர்கள் வெட்கத்தோடு நினைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. கடைசி வரியில் கடவுளிடம் மன்னிப்பு. இனவெறி ஆட்சி ஒழிந்த பிறகு வைத்த பலகை என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1971இல் வைத்தது. வீடுகளை இடித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், போலீஸ்காரர்கள் பார்க்கும் இடத்தில் வைத்தது. சுற்றுலாக்காரர்கள் பலர் பார்க்காமலே உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். தயவுசெய்து நின்று படியுங்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1867இல் கேப் டவுன் நகராட்சியின் ஆறாவது வட்டம் என்று பேர் வைத்த பகுதிதான் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ். விடுதலையான அடிமைகள், துறைமுகத் தொழிலாளர்கள், தையற்காரர்கள், லித்துவேனியாவிலிருந்து வந்த யூதர்கள், இந்தியக் கடைக்காரர்கள், கருப்பின மக்கள் எல்லோரும் அடுத்தடுத்த கதவுகளில் வாழ்ந்த இடம். 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்பதை அரசு முடிவுசெய்யும் என்றது. 1966 பிப்ரவரி 11 அன்று, இனி இது வெள்ளையர் பகுதி என்று அறிவித்தார்கள். 1980களின் தொடக்கத்துக்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அப்புறப்படுத்தி, ஊரை மட்டமாக்கிவிட்டார்கள். பள்ளிவாசலையும் தேவாலயங்களையும் மட்டும் தொடவில்லை.

உள்ளே போனதும் கண்ணில் படுபவை மேலிருந்து கீழாகத் தொங்கும் தெருப் பலகைகள். ஹனோவர், ரிச்மண்ட், கேலடன், டைன். சிலவற்றில் ஓரம் துருப்பிடித்திருக்கிறது. இடிப்பு வேலையை மேற்பார்வை பார்த்த ஒருவரிடம் இவற்றை டேபிள் விரிகுடாவில் கொட்டச் சொன்னார்களாம். அவர் கொட்டாமல் தன் வீட்டில் பதுக்கி வைத்திருந்தார். அருங்காட்சியகம் தொடங்கியபோதும் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தாராம். அவரை என்ன சொல்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. பகலெல்லாம் வீடுகளை இடித்தவர், தெருக்களின் பெயரை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். அவர் கொடுக்காமல் போயிருந்தால் இந்தக் கூடத்தின் நடுவே ஒன்றும் இருந்திருக்காது.

தரை முழுக்க விரிந்து கிடக்கிறது வரைபடம். கையால் தீட்டிய தெருக்கள், மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை. அதன் மேல் நடந்து போகலாம், ஆனால் எனக்குக் கால் வரவில்லை. தெருக்களின் இரு பக்கமும் பேனாவால் எழுதிய குடும்பப் பெயர்கள். இன்ன வீட்டில் நாங்கள் இருந்தோம், இங்கே கசாப்புக் கடை, இங்கே தையற்கடை, இங்கே பயாஸ்கோப். விரட்டப்பட்டவர்களே வந்து மண்டியிட்டுத் தங்கள் வீட்டைத் தேடி எழுதியவை. 1994 டிசம்பரில் சில வாரங்களுக்கு மட்டும் என்று தொடங்கிய கண்காட்சி இது. ஜனங்கள் வந்துகொண்டே இருந்ததால் மூட முடியாமல் போய் அருங்காட்சியகமாக நிலைத்துவிட்டது.

வழிகாட்டியும் இங்கே பிறந்தவர்தான். எல்லோரும் 'அங்கிள்' என்கிறார்கள். எழுபது தாண்டியிருக்கும், கோட்டின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். நாங்கள் வரைபடத்தைச் சுற்றி நின்றபோது ஒரு மூதாட்டி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அங்கிள் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, "எந்தத் தெரு?" என்று மட்டும் கேட்டார். அவர் சொன்னார். இரண்டு பேரும் குனிந்து தேடினார்கள். காசு கொடுத்து வந்த நாங்கள் பத்துப் பதினைந்து பேர் ஒதுங்கி நின்றோம். அப்படி நிற்பதுதான் சரி என்று தோன்றியது. நம்மைப் போல வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு இங்கே இரண்டாம் இடம். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மூதாட்டி விரலை வைத்த இடத்தில் ஏற்கெனவே வேறொரு பெயர் இருந்தது. "இவங்க மேல் மாடி. நாங்க கீழே" என்றார். மகள் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

இன்னொரு பக்கம் நொம்வுயோ அறை. இங்கே வளர்ந்த நொம்வுயோ ங்செல்வானே என்ற ஆசிரியை தன் குடும்பம் வாழ்ந்த ஒற்றை அறையை நினைவிலிருந்து மீட்டு அமைத்தது. கட்டில், ஸ்டவ், மேஜை விரிப்பு, பாத்திரங்கள், எல்லாம் ஒரே அறைக்குள். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் கலப்பின மக்களின் ஊர் என்று மட்டுமே பேசுகிறவர்களுக்கு, கருப்பினக் குடும்பங்களும் இங்கே இருந்தன என்று இந்த அறை சொல்கிறது.

பிறகு அந்தத் துணி. வெள்ளைத் துணியில் முன்னாள் குடிமக்களும் வருகிறவர்களும் எழுதிவிட்டுப் போகிறார்கள். எழுத்து மங்கிவிடாமல் அதன் மேலேயே நூலால் தைக்கிறார்கள். சேர்த்துச் சேர்த்து ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிட்டதாம். கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். ஒரு எழுத்தில் தையல் பாதியில் நின்று, கீழே பேனா மை தெரிந்தது. சிவப்பு நூல், சின்னச் சின்னத் தையல், கையெழுத்தின் நடுக்கத்தைக்கூட விடாமல் பின்தொடர்ந்திருக்கிறார்கள்.

அங்கிள் புறாக் கதையையும் சொன்னார். இந்த அருங்காட்சியகத்தில் பல வருடம் வழிகாட்டியாக இருந்த நூர் எப்ராஹிமின் கதை அது. கேலடன் தெருவில் பந்தயப் புறாக்கள் வளர்த்தவர். விரட்டப்பட்டு அத்லோன் என்ற பகுதிக்குப் போனபோது புறாக்களையும் கொண்டுபோய்க் கூண்டு கட்டி, சில மாதம் கழித்துத் திறந்துவிட்டார். ஒன்றுகூடத் திரும்பவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பக்கம் வண்டியைத் திருப்பினால், தன் வீடு இருந்த வெற்று மண்ணில் அத்தனை புறாவும் உட்கார்ந்திருந்தன. இதைச் சொல்லும்போது அங்கிள் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. எத்தனையாவது தடவையோ. ஆனாலும் முடித்ததும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ராத்திரி எட்டு மணிக்குப் பெட்டி வந்தது. பூட்டு உடைந்திருந்தது, சாமான் எல்லாம் இருந்தது. ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், "காற்று இன்னும் நிக்கலையே" என்று ஆன்ட்டி வாங்க மறுத்துவிட்டார்.

9 நவம்பர், சனி. வெறும் மண்

இன்று அதே அங்கிளோடு நிலத்தைப் பார்க்க நடந்தோம். உள்ளே பார்த்ததைவிட வெளியே பார்த்ததுதான் என்னை உலுக்கியது. ஊரின் மையத்திலிருந்து பொடிநடைத் தூரம், பின்னால் மலை, முன்னால் துறைமுகம். எந்த ஊரிலும் தங்கத்தின் விலைக்குப் போகும் இடம். ஐம்பது வருடத்துக்கு மேலாக அதன் பெரும்பகுதி புல் முளைத்துக் கிடக்கிறது.

வெள்ளையருக்கு என்று காலி செய்த நிலத்தில் வெள்ளையர் வந்து குடியேறவில்லையா என்று ஒருவர் கேட்டார். ஒரு பகுதியில் வெள்ளை மாணவர்களுக்கான தொழில்நுட்பக் கல்லூரியைக் கட்டினார்கள். இன்று அது எல்லோரும் படிக்கும் பல்கலைக்கழகம். மற்ற நிலத்தைத் தொட விடாமல் 1980களில் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸிலிருந்து கையை எடு' என்று இயக்கமே நடந்தது. பணம் போட வந்தவர்கள் கெட்ட பேருக்குப் பயந்து பின்வாங்கினார்கள். அந்த இயக்கத்திலிருந்து பிறந்ததுதான் நேற்றுப் பார்த்த அருங்காட்சியகம். பழம்பொருள் சேர்க்க அல்ல, மண்ணைத் திரும்பக் கேட்கத் தொடங்கிய இடம் என்று அங்கிள் அழுத்திச் சொன்னார்.

சரிவில் ஒரு பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளி மொரேவியன் தேவாலயம், செயின்ட் மார்க்ஸ் தேவாலயம். சுற்றிலும் இருந்த வீடுகள் போய்விட்டன, தொழுகையும் பூசையும் மட்டும் நிற்கவில்லை. ஊருக்கு வெளியே மணல்வெளியான கேப் ஃப்ளாட்ஸுக்கு விரட்டப்பட்டவர்கள் வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறி இங்கேயே வந்துகொண்டிருந்தார்கள். பஸ் கட்டணம் ஒரு வாரச் செலவில் எவ்வளவைத் தின்றிருக்கும் என்று யோசித்தேன்.

நண்பகலில் சிக்னல் ஹில்லில் பீரங்கி முழங்கியது. ஞாயிறு தவிர தினமும் பன்னிரண்டு மணிக்குச் சுடுவார்கள் என்று தெரிந்திருந்தும் திடுக்கிட்டேன். அங்கிள் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரிசெய்துகொண்டார்.

கற்குவியல் ஒன்றின் அருகே நின்றோம். வருடாவருடம் பிப்ரவரி 11 அன்று முன்னாள் குடிமக்கள் அருங்காட்சியகத்திலிருந்து நடந்து வந்து ஆளுக்கொரு கல் வைக்கிறார்கள். அங்கே நின்றுதான் திரும்பி வந்தவர்களைப் பற்றிப் பேசினார். 1998 கடைசிக்குள் மனுக் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. 2004 பிப்ரவரி 11 அன்று, எண்பது வயதைத் தாண்டிய இரண்டு முதியவர்களுக்கு மண்டேலா கையால் முதல் சாவிகள். அதன் பிறகு இருபது வருடம் ஓடிவிட்டது. வந்து குடியேறிய குடும்பங்கள் சில நூறுதான். முன்னாள் குடிமக்கள் தங்கள் சொந்த அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டு, 2019இல் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. மனுக் கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் காத்திருந்தே கண்ணை மூடிவிட்டார்கள். இடிப்பதற்குப் புல்டோசர்கள் காட்டிய வேகத்தில் கால்பங்கு கட்டுவதில் இருந்திருந்தால் போதும். எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்க விரும்பவில்லை.

இன்னொன்று. 1966க்கு வெகுமுன்பே, 1901இல் பிளேக் வந்தபோது, நோயைக் காரணம் காட்டிக் கருப்பின மக்களை இங்கிருந்து ந்டாபேனிக்கு விரட்டினார்கள். இன்றைய நில மீட்புச் சட்டம் 1913க்குப் பிறகு நடந்தவற்றை மட்டும்தான் கணக்கில் எடுக்கும். முதலில் விரட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் மனுவே கொடுக்க முடியாது.

மதியம் அங்கிளையும் கூட நடந்த இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு சால்ட் ரிவரில் ஒரு கடையில் கேட்ஸ்பி வாங்கினோம். முழங்கை நீள ரொட்டியைப் பிளந்து, சிப்ஸ், மசாலா ஸ்டீக், ஊறுகாய், சாஸ் எல்லாம் அடைத்து நாலாக வெட்டித் தருகிறார்கள். 140 ராண்ட். நாலு பேர் வயிறும் நிறைந்தது. தனியாகத் தின்பதற்காகச் செய்த பண்டம் அல்ல அது. கடை வாசலில் காகிதத்தைப் பிரித்ததுமே பாதிச் சிப்ஸைக் காற்று அடித்துக்கொண்டு போனது. உள்ளிருந்து ஒரு பையன் ஓடி வந்து, கேட்காமலே இன்னொரு கை அள்ளிப் போட்டுவிட்டுப் போனான்.

10 நவம்பர், ஞாயிறு. ஹனோவர் பார்க்

கேப் முஸ்லிம் வீடுகளில் ஞாயிறு காலை என்றால் குசிஸ்டர். சோம்பு, ஏலக்காய், பட்டை, இஞ்சி போட்டுப் பிசைந்த மாவைப் பொரித்து, பாகில் கொதிக்கவிட்டு, தேங்காய்த் துருவலில் புரட்டி எடுப்பது. எதிர் வீட்டு வாசலில் ஒரு அம்மா அண்டாவோடு உட்கார்ந்திருந்தார். தெருவே டப்பாவை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றது. ஒன்று ஆறு ராண்ட். வெளியூர் முகம் என்று என்னை முன்னால் போகச் சொன்னார்கள். சூட்டோடு தின்ன வேண்டும், ஆறினால் பாகு இறுகிவிடும்.

ஆன்ட்டியின் மகன் கார் ஓட்டினார். மலை பின்னுக்குப் போகப் போக மரங்கள் குறைந்து மணல் கூடுகிறது. கேப் ஃப்ளாட்ஸ். விரட்டியவர்கள் தெருப் பெயர்களையும் சேர்த்தே இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். ஹனோவர் தெரு போய் ஹனோவர் பார்க். லாவண்டர் ஹில் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். மாடி வரிசை வரிசையாக ஒரே மாதிரிக் குடியிருப்புகள், நடுவில் துணிக்கொடி, காற்றில் படபடக்கும் போர்வைகள். கும்பல் சண்டை அதிகம் உள்ள பகுதி, காரை ஜன்னலுக்கு நேரே நிறுத்தச் சொன்னார்கள்.

ஆன்ட்டியின் மாமியார், அந்தப் பாட்டிக்கு எண்பத்திரண்டு. மேஜையில் பிரியாணி, தயிர், தக்காளி சம்பல். நான் சாப்பிடும் அளவு போதவில்லை என்று அவரே எடுத்து வைத்தார். டைன் தெருவில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி லாரியில் ஏறியவர். "வீட்டுக் கதவைப் பூட்டி சாவியைக் கையில வெச்சிருந்தேன். எதுக்குப் பூட்டினேன்னு இப்போ யோசிக்கிறேன். அடுத்த வாரம் இடிச்சுட்டாங்க." பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்த இடம் தெரியவே வருடக்கணக்காயிற்று. இடது பக்கத்து வீட்டார் மிட்சல்ஸ் ப்ளெய்ன், வலது பக்கத்தில் இருந்த இந்தியக் குடும்பத்தை வேறு பகுதிக்குப் பிரித்து அனுப்பியிருக்கிறார்கள். பிரசவத்துக்குத் துணைக்கு வர இங்கே தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது, வீட்டைப் பற்றிச் சொன்னபோதெல்லாம் இல்லை.

மனுக் கொடுத்திருக்கிறார். சிலரைப் போல ரொக்கம் வாங்கிக்கொள்ளவில்லை, வீடுதான் வேண்டும் என்று எழுதியிருக்கிறார். நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குர்ஆனுக்கு அடியில் வைத்திருக்கிறார். எடுத்துக் காட்டினார், கையில் கொடுக்கவில்லை.

போனில் நான் எடுத்த வரைபடப் படங்களைக் காட்டினேன். அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பல வருடமாயிற்றாம், மூட்டு வலி. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் படத்தை விரித்து டைன் தெருவைக் கண்டுபிடித்தார். யார் யாரோ எழுதிய பெயர்களை வாய்விட்டுப் படித்தார். சிலருக்குச் சிரித்தார். ஒரு பெயரில் நின்று மருமகளைக் கூப்பிட்டார்.

"மூலைக்கடையைத் தப்பான பக்கம் எழுதி வெச்சிருக்கான். கடை எங்க வீட்டுப் பக்கம். நான் தினமும் பால் வாங்கின கடை, எனக்குத் தெரியாதா?"

"யாரோ சின்னப் பிள்ளையா இருந்தப்ப பார்த்ததை எழுதியிருப்பாங்க, மா" என்றார் ஆன்ட்டி.

"அதான் சொல்றேன். சின்னப் பிள்ளைங்க எழுதினா இப்படித்தான் இருக்கும்." பேரனைப் பார்த்தார். "என்னிக்கு லீவு உனக்கு?"

செவ்வாய்க்கிழமை என்றான். அழியாத பேனா ஒன்று வாங்கி வரச் சொல்லிவிட்டு, என் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார்.